பேமிலி வாசல்

ஜப்பான் போய்விட்டு வந்த பிறகு லெப்பைக்குடிக்காட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏன் ஜைனம்பு, அங்க பெரிய பெரிய ராட்டினமெல்லாம் இருக்காமே, ஏறுனியா?" ஏறினேன். புருஷனோடு போய்விட்டுத் தனியாக ஏறினேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் வீட்டிலும் புருஷன் ஒரு நாட்டில், பெண்டாட்டி ஒரு நாட்டில்தானே.

என் வீட்டுக்காரர் ஹபிபுல்லா முப்பது வருஷம் ரியாத்தில் இருந்தார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்த களைப்பு தீர்ந்து முகம் தெளிகிற நேரத்தில் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிடுவார். போன வருஷம் கடையை மூடிவிட்டார்கள், இனிமேல் போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கினார். அன்றைக்கு நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது.

வந்துவிட்டார் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். இத்தனை அறை உள்ள வீட்டில் அந்த மனுஷன் தன் சோப்பு, துண்டு, தட்டு, தம்ளர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டில் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்துக்கொண்டார். தன் சட்டையைத் தானே துவைத்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவித் துடைத்து, திரும்பவும் அந்தப் பையில் போட்டார்.

"எதுக்குங்க இது? வூட்ல யாரு எடுத்துடப் போறா?" என்று கேட்டேன்.

"ரியாத் ரூம்ல அப்படித்தான் புள்ள. பழகிடுச்சு" என்றார்.

இது ரூம் இல்லை என்று கத்தத் தோன்றியது. ஆனால் எங்கள் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். அவருடைய தங்கச்சி, என் நாத்தனார், எங்களோடுதான் இருக்கிறாள். காலையில் வருகிற அக்கம்பக்கத்துப் பெண்கள் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்கள். புருஷனிடம் மனசு விட்டுப் பேச எனக்கு ஒரு மூலை கிடையாது.

எங்கள் மகன் தவ்ஹீத் ஒசாகாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அத்தாவும் அம்மாவும் வந்துவிட்டுப் போங்கள் என்று டிக்கெட் அனுப்பினான். நாங்கள் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் ரியாத்திலிருந்து போன் வந்தது. பழைய முதலாளியின் மகன் கடையைத் திரும்பத் திறக்கிறானாம். விசா அனுப்புகிறேன், வருகிறாயா என்று கேட்டானாம். "ஜப்பான் போயிட்டு வந்து சொல்றேன்னு சொல்லிருக்கேன்" என்று இவர் சொன்னது தன் தங்கச்சியிடம். என்னிடம் இல்லை. நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியதில்லாமல் போயிற்று.

மகன் கைநிறைய சம்பாதிக்கிறான். காசுக்காக இவர் போக வேண்டியதே இல்லை. போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வீடுகளில் சபர் என்று வெளிநாட்டுப் பயணம் போகிற ஆம்பிளையைத் தடுத்துப் பேசக் கூடாது. கிளம்புகிற நேரத்தில் அழக் கூடாது. முக்கியமாக, வாசல் தாண்டுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. தப்பித்தவறி யாராவது கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாத மூடப் பழக்கம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பயானில் சொல்வார். தலையாட்டிவிட்டு வந்து அதையேதான் செய்வோம். ஒவ்வொரு தடவையும் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒசாகாவில் மகன் வீடு இரண்டே அறை. அங்கேயும் தனியாகப் பேச வழியில்லை. அவர் தும்மினால் மருமகள் மர்ஜியா அடுத்த அறையிலிருந்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க மாமா என்பாள். ஒருநாள் அவள்தான் அந்த யோசனையைக் கிளப்பினாள்.

"மாமி, நீங்களும் மாமாவும் எங்கயாச்சும் தனியா போயிருக்கீங்களா?"

"ஏன் போகல? பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கோம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரமே ராட்டினங்கள் இருக்கிற பெரிய பார்க்குக்கு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். தவ்ஹீத் ரயிலில் கூட்டிக்கொண்டு போய் கேட்டில் விட்டான். "அத்தா, சாயங்காலம் இதே எடத்துல நிக்கிறேன். அம்மாவ பத்திரமா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டான். முழுசாக ஒரு பகல். நாத்தனார் இல்லை, மருமகள் இல்லை, தமிழ் தெரிந்த ஒரு காது இல்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பிஸ்மில்லா சொல்லி உள்ளே காலை வைத்தேன்.

உள்ளே எல்லாம் ஜோடி ஜோடிதான். பையனும் பெண்ணும் தலையில் முயல் காது மாட்டிக்கொண்டு கைகோத்து நடந்தார்கள். எங்களை விட வயசான ஒரு கிழவரும் கிழவியும்கூட ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு ஒரு ஐஸ்கிரீமை மாற்றி மாற்றித் தின்றார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். ஏர்போர்ட்டில் பிளைட் பிடிக்கிற நடை. நான் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

முதலில் தண்ணீரில் படகு போகிற ராட்டினம். மலை மாதிரி கட்டி, மேலே கொண்டுபோய்க் கீழே தள்ளுகிறார்கள். உள்ளே போக இரண்டு வழி இருந்தது. ஒரு போர்டில் அப்பா, அம்மா, பிள்ளை படம். இன்னொரு போர்டில் தனி ஆள் ஒருத்தன் படம். இவர் இரண்டையும் பார்த்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நீ அந்தப் பக்கம் வா. அது பேமிலி" என்று சொல்லிவிட்டுத் தனி ஆள் வழியில் நுழைந்துவிட்டார்.

இரண்டு வழியும் உள்ளே சேரும்போல என்று நினைத்து நானும் போய்த் தொலைத்தேன். வரிசை அசையவே இல்லை. எனக்கு முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம். எல்லாரும் இடைவெளி விட்டு, என் குடும்பம் வந்து சேர்ந்துகொள்ளும் என்பதுபோல அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. கால் கடுத்துப்போய் படகுக்கு வந்தால், ஸ்கூல் யூனிபார்ம் போட்ட ஒரு பெண் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். படகு உச்சிக்குப் போய்க் கீழே விழுந்தபோது அந்தப் பெண் வீலென்று கத்திக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் யா அல்லாஹ் என்று அலறினேன். தண்ணீர் முகத்தில் அறைந்தது. நின்ற பிறகும் அவள் கையை உடனே விடவில்லை. என்னவோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயர் தெரியாத பெண்ணுக்குப் பயம் வந்தால் பிடிக்க என் கை இருக்கிறது, எனக்குப் பயம் வந்த நாளில் எல்லாம் யார் கை இருந்தது?

வெளியே வந்தால் இவர் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். சட்டைகூடக் காய்ந்துவிட்டது.

"எங்க போனீங்க?"

"நான் போன பக்கம் கூட்டமே இல்ல புள்ள. சட்டுனு ஏறி எறங்கிட்டேன்" என்றார் பெருமையாக.

"நீங்க ஏன் தனி ஆள் பக்கம் போனீங்க? தனி ஆளா நீங்க?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இல்ல... ரியாத்ல ஹோட்டல்ல ரெண்டு வாசல் இருக்கும். பொண்டாட்டி புள்ளைங்களோட வர்றவங்களுக்குப் பேமிலி வாசல். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இன்னொண்ணு. அந்தப் பேமிலி வாசல்ல காலு வெச்சா தொரத்திவுட்ருவான். கண்ணு தானா இந்தப் பக்கம் போயிடுச்சு."

"இங்க யாரும் தொரத்த மாட்டாங்க. வாங்க."

மர்ஜியா தேங்காய்ச் சோறும் முட்டையும் கட்டிக் கொடுத்திருந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். இப்போது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் சோற்றின் நடுவில் ஸ்பூனால் ஒரு கோடு போட்டுத் தன் பாதியை மூடியில் தள்ளிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மளமளவென்று தின்று முடித்துவிட்டார். நான் முதல் வாயை விழுங்குவதற்குள் ஸ்பூனைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார். திட்டுவதற்குக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

அடுத்தது இருட்டுக்குள் வண்டி ஓடுகிற ராட்டினம். இந்தத் தடவை சட்டையைப் பிடித்து இழுத்துப் பேமிலி வரிசையில் நிற்கவைத்தேன். அவர் முன்னால், நான் பின்னால். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற பையன் குனிந்து ஏதோ கேட்டான். பாஷை தெரியாதவர்கள் என்று புரிந்ததும் விரலைக் காட்டி, எத்தனை பேர் என்று சாடையில் கேட்டான். இவர் ஒற்றை விரலைத் தூக்கினார்.

நான் பின்னாலேயே நிற்கிறேன். என் மூச்சு அவர் தோளில் படுகிறது. ஒற்றை விரல்! பையன் அவரைக் கொண்டுபோய் வேறு யாரோ ஒருத்தன் பக்கத்தில் உட்காரவைத்தான். என்னை அதற்குப் பின்வரிசையில் போட்டான். என் பக்கத்து சீட் காலி. வண்டி இருட்டுக்குள் போனது. பேய் வந்தது, நெருப்பு வந்தது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு எனக்கு மனப்பாடம். பிடரியில் முடி எங்கே சுழிக்கும், சட்டைக் காலர் எந்தப் பக்கம் மடங்கும், எல்லாம் தெரியும். முகத்தில் புதிதாக ஒரு மச்சம் வந்திருப்பதை அவர் வந்து ஒரு மாசம் கழித்துத்தான் பார்த்தேன்.

இறங்கி வந்ததும் நான் அவரை விட்டு விலகி நடந்தேன். கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. "ஜூஸ் குடிக்கிறியா?" என்று கேட்டார். "ஒங்களுக்கு மட்டும் வாங்கிக்கங்க, ஒண்ணுன்னு வெரலக் காட்டி" என்றேன். அவருக்கு அதுவும் புரியவில்லை. நிஜமாகவே ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். நான் பாதி குடித்துவிட்டுக் கொடுத்தேன். யோசித்துவிட்டுத்தான் குடித்தார்.

வெயில் இறங்க ஆரம்பித்தபோது கடைசியாகப் பெரிய ராட்டினத்துக்கு வந்தோம். நம் ஊர்த் திருவிழாவில் சுற்றுகிற அதே ராட்டினம்தான். தொட்டிலுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கூண்டு, கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஒரு சின்னப் பெண் கதவருகே நின்று சாடையில் கேட்டாள். இவர் கை தானாக மேலே போனது. அதே ஒற்றை விரல். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அத்தனை பேருக்கு நடுவில் அவர் கையைப் பிடித்து, மடங்கியிருந்த அடுத்த விரலையும் நிமிர்த்திவிட்டேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் தன் இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டே உள்ளே ஏறினார்.

கூண்டு மெதுவாக மேலே போயிற்று. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். கீழே கடல் தெரிந்தது. இறங்கிவிட்டால் ரயில், மகன் வீடு, ஊர், நாத்தனார். இதை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

"போகாதீங்க" என்றேன்.

"எங்க?"

"எங்கன்னு தெரியாதா? ரியாதுக்கு."

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். "தங்கச்சி சொன்னாளா?"

"நீங்க சொல்லிருக்கலாம்ல? நான் யாரு ஒங்களுக்கு?"

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"காசுக்கா போறீங்க?"

"காசுக்கு இல்ல."

"அப்பறம் என்னத்துக்கு?"

கூண்டு உச்சிக்குப் போய் லேசாக ஆடியது. அவர் பேச ஆரம்பித்தார். அவ்வளவு பேச்சு அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது.

"ஜைனம்பு, வூட்ல எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. நீங்கள்லாம் உக்காந்து பேசுறீங்க, சிரிக்கிறீங்க. யாரு வூட்டுக் கல்யாணம், யாரு மவுத்து, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் வந்து உக்காந்தா பேச்சு நின்னுடுது. பொம்பளைங்க முக்காட்ட இழுத்துக்கிட்டு எந்திரிச்சிர்றாங்க. என் சொந்த வூட்ல நான் விருந்தாளி மாதிரி இருக்கேன். அங்க ரூம்ல ஒரு கட்டில், ஒரு சட்டி. என்னப் பாத்து யாரும் எந்திரிக்க மாட்டான். அது எனக்குப் பழகிடுச்சு."

"அப்ப நான்?"

"ஒனக்கும் நான் இல்லாமப் பழகிடுச்சு புள்ள. நான் லேசா இருமுனாகூட நீ திடுக்குனு முழிச்சு உக்காந்துக்குற. நானும் பாக்கத்தான செய்யறேன்."



"பழகல" என்று கத்தினேன். "எனக்கு ஒருநாளும் பழகல. நீங்க போன முதல் தடவையும் பழகல, கடைசித் தடவையும் பழகல. இருமல் கேட்டு முழிச்சுப் பாக்கறேனே, பயந்துக்கிட்டா பாக்கறேன்? ஆளு இருக்காரான்னு பாக்கறேங்க. இருக்காருன்னு தெரிஞ்சாத்தான் மறுபடி தூங்குவேன்."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கூண்டு கீழே வந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் கதவைத் திறந்து குனிந்து வணக்கம் சொன்னாள். அவர் முதலில் இறங்கினார். இறங்கி அதே நடையில் முன்னால் போய்விட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, அந்த முயல் காது ஜோடிகளுக்கு நடுவில் நான் தனியாக நடந்து கேட்டுக்கு வந்தேன். "நல்லா என்ஜாய் பண்ணீங்களாம்மா?" என்று தவ்ஹீத் கேட்டான். "ரொம்ப" என்றேன்.

ஊருக்கு வந்தோம். அவர் எனக்குப் பதில் சொல்லவே இல்லை. ஆனால் ரியாத்துக்குச் சொல்லிவிட்டார். விசா வந்தது. வழக்கம்போல நாத்தனார் ஊறுகாய் போட்டாள், வழக்கம்போல நான் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். ஆணியில் தொங்கிய பையை எடுத்து அப்படியே பெட்டிக்குள் வைத்தார். அதில் எதையும் தனியாக எடுத்துவைக்க வேண்டிய வேலைகூட இல்லை. வெற்று ஆணியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பட வேண்டியதைப் பட்டுத்தானே ஆக வேண்டும் என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை.

கிளம்புகிற அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். தெருவே வீட்டில் கூடியிருந்தது. துஆ ஓதி முடித்தார்கள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு எப்போதும் வருகிற வேன் டிரைவர் மதுரைவீரன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பாய், எத்தன பேருங்க வர்றீங்க? பின்னாடி சீட்ட மடக்கிட்டுப் பெட்டிய வெச்சிரவா?"

இவர் செருப்பை மாட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அதைப் பார்த்ததும் எனக்குள்ளே என்னவோ அறுந்துபோயிற்று. அவர் எல்லாருக்கும் ஸலாம் சொன்னார். வலது காலை எடுத்து வாசலைத் தாண்டி முதல் படியில் வைத்தார். நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன்.

"என்னங்க!"

"அடிப் பாவி, என்ன காரியம் பண்ணுன!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ ஒரு பெரியவர் ஷைத்தானை விரட்ட அவுது ஓதினார். படியில் நின்றவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

தண்ணீர் எடுக்கப் போனேன். அவருடைய தம்ளர் பெட்டிக்குள் போய்விட்டது. என் தம்ளரில் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு மிடறாகக் குடித்தார்.

"என்ன புள்ள?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமில்ல" என்றேன். அத்தனை பேர் நடுவில் வேறு என்ன சொல்வது? சொல்ல வேண்டியதைத்தான் ராட்டினத்தில் சொல்லியாயிற்றே.

தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். இந்தத் தடவை நாத்தனார் என்னை நம்பவில்லை. பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு என் வாய்க்கு நேராகக் கையைத் தயாராக வைத்துக்கொண்டாள். வெளியே மதுரைவீரன் ஹாரன் அடித்தான். இவர் வாசல்வரை போனார். நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"பாய், நேரமாச்சுங்க" என்று மதுரைவீரன் கூப்பிட்டான்.

அவர் அசையவில்லை. செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்து பார்த்தார். செருப்பு காலில்தான் இருந்தது. முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடியும் ஹாரன் சத்தம் கேட்டது. அப்போதும் காலைத் தூக்கவில்லை. அந்த முதுகு எனக்கு மனப்பாடம். போகிற அவசரம் அதில் இல்லை. கூப்பிடட்டும் என்று நிற்கிறார்.

நாத்தனார் கையைத் தட்டிவிட்டுக் கூப்பிட்டேன்.